இரண்டு காதும் தெரியுதுங்களா?

சென்ற மாதம் ஒரு கல்யாண வீட்டில் இளம் சட்டத்தரணிகள் இருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவர் ஏதோ எல்லைத் தகராறுக்காகத் தன் கைத்தொலைபேசியில் ஒரு மதிலைப் படமெடுத்து நீதிமன்றத்தில் காட்டியிருக்கிறார். எதிர்த்தரப்பு "இது ஒட்டு வேலை" என்று ஒரே வார்த்தையில் ஊதிவிட்டதாம். மனிதர் நொந்து போயிருந்தார். "ஐயா, நீங்கள் சட்ட நூல்களையும் பார்த்து, படமும் எடுத்தவராமே. உங்கள் படத்தை மட்டும் எப்படி நம்பினார்கள்?" என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்கினால் பாயசத்தோடு நிற்காது என்று என் மனைவிக்குத் தெரியும். அவள் எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டாள். அவள் போனது எனக்கு வசதியாய்ப் போயிற்று. அன்று பாதியில் விட்டதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

இரத்தினபுரிக் கடைவீதியில் என் அப்பாவுக்கு ஒரு கடை. மாணிக்கக் குழிகளுக்கு வேண்டிய கயிறு, கூடை, மண்வெட்டி எல்லாம் அங்கே கிடைக்கும். தமிழைப் போலவே சிங்களமும் எனக்குக் கடையிலேயே வந்தது. ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் வந்தது. அறுபத்து நான்கில், கடையில் உட்கார எனக்கு இஷ்டமில்லை என்று தெரிந்ததும், அப்பா என்னைப் பேரம்பலம் ஐயாவிடம் கொண்டு போய் விட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஊரார் அப்போது சொல்லும் பேச்சில் பிரக்கிராசி, இப்போதைய பேச்சில் சட்டத்தரணி. அவருக்குப் பழைய தீர்ப்புகளைத் தேடி எடுத்துக் கொடுப்பது என் வேலை. மாலைகளில் பக்கத்துத் தெருவில் பியதாச மாத்தயாவின் ஸ்டூடியோவுக்குப் போய்விடுவேன். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. பிலிம் கழுவவும், படம் அச்சிடவும், கடைசியில் படம் எடுக்கவும் அவரிடம்தான் கற்றேன். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வச்சவன் கரையேற மாட்டான்டா" என்பார். நான் இரண்டு காலையும் நனைத்துக்கொண்டே ஓய்வு பெற்றேன். தடுமன்கூடப் பிடிக்கவில்லை.

பேரம்பலம் ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையை நகர்த்த முடியாது. ஒல்லியான மனிதர். வெள்ளைக் கோட்டு, கறுப்புக் குடை, மூக்கின் நுனியில் ஒரு கண்ணாடி, நெற்றியில் இன்னொன்று. கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், தாழ்த்துவார். அவர் தாழ்த்திப் பேசத் தொடங்கினால் வாசலில் நிற்கும் கட்சிக்காரர்கள்கூட எழுந்து நிற்பார்கள்.

தீர்ப்புத் தொகுதிகளில் ஒவ்வொரு தீர்ப்புக்கும் மேலே நாலைந்து வரிச் சுருக்கம் ஒன்று அச்சிட்டிருப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அதை மட்டும் படித்துக் குறிப்பெழுதிக் கொண்டு போனேன். ஐயா அதை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"முழுக்க வாசிச்சனீரோ?"

"சுருக்கம் படிச்சேன் சேர்."

"சுருக்கம் எழுதினவர் நீதியரசர் இல்லைத் தம்பி. அச்சுக்கூடத்திலை இருந்த ஒராள். அவருக்குத் தேவையானதை வெட்டி எடுத்து வைச்சிருக்கிறார். உமக்குத் தேவையானது அவர் வெட்டி எறிஞ்சதிலை கிடக்கும். போய் வாசியும்."

போய் வாசித்தேன். மாறுபட்ட கருத்துச் சொன்ன நீதியரசரையும் சேர்த்து வாசித்தேன். அதற்குப் பிறகு எந்தத் தீர்ப்பையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்காமல் நான் வாய் திறந்ததில்லை.

நான் படம் எடுப்பது தெரிந்ததும், ஒரு மாணிக்கக் குழியின் எல்லைத் தகராறுக்கு என்னையே அனுப்பினார். விடியற்காலையில் போய், மூடுபனிக்குள் இடுப்பளவு தண்ணீரில் கூடை அரிக்கிறவர்களை எடுத்து வந்தேன். பியதாச மாத்தயாவே பார்த்துவிட்டுத் தோளில் தட்டிய படம் அது. பேரம்பலம் ஐயா நெடுநேரம் பார்த்தார்.

"வடிவாயிருக்கு. கலண்டருக்கு அனுப்பும்."

"நன்றி சேர்."

"எல்லைக்கல் எங்கை?"

எல்லைக்கல் மூடுபனிக்குள் இருந்தது. மறுநாள் நண்பகலில் திரும்பப் போனேன்.

அப்படித்தான் எங்கள் முறை உருவாயிற்று. எந்த இடமானாலும் முதலில் தூரத்திலிருந்து ஒன்று, பிறகு நடுவிலிருந்து ஒன்று, பிறகு கிட்டத்தில் ஒன்று. கறுப்பும் வெள்ளையுமாக அடி குறித்த ஒரு கோல் ஒவ்வொரு படத்திலும் ஓரமாக நிற்க வேண்டும். நான் எங்கே நின்று எடுத்தேன் என்பதை ஒரு முளை அடித்துக் காட்ட வேண்டும். யாரையும் "இங்கே நில், அங்கே பார்" என்று சொல்லக் கூடாது. அச்சிட்ட படத்தின் ஓரங்களை வெட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கழுவிய பிலிமைத் துண்டு துண்டாக நறுக்கக் கூடாது. ஸ்டூடியோக்களில் தேவையானதை நறுக்கி எடுத்துவிட்டு மீதியைக் குப்பையில் போடுவார்கள். பேரம்பலம் ஐயாவோ, கெட்டுப் போனது, ஆடிப் போனது, விரல் மறைத்தது என்று எல்லாம் அதே சுருளில் அப்படியே இருக்க வேண்டும் என்பார். "ஒண்டை நறுக்கினால், நறுக்கினதிலை என்ன கிடந்தது எண்டு கேப்பான். உமக்குப் பதில் இராது." சுருளின் விளிம்பில் பிலிம் செய்தவனே இலக்கங்களை அச்சிட்டிருப்பான். எது முன்னால் எடுத்தது, எது பின்னால் எடுத்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இது வேலைக்கு எடுத்த படங்களின் கதை. எனக்கென்று எடுத்த படங்களின் கதை வேறு.

அந்த ஆண்டுகளில் தோட்டங்களில் யார் இந்த நாட்டவர், யார் இந்தியாவுக்குப் போக வேண்டியவர் என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு விண்ணப்பம், இதற்கு விண்ணப்பம், மேன்முறையீட்டுக்கு இன்னொரு விண்ணப்பம். ஒவ்வொன்றுக்கும் படம் வேண்டும். தோட்டத்து ஆட்கள் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு இரத்தினபுரிக்கு வந்து ஸ்டூடியோ வாசலில் நிற்பதைப் பார்க்கப் பியதாச மாத்தயாவுக்கே பொறுக்கவில்லை. "நீ ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் எடுத்து வா" என்று தன் பழைய பெட்டிக் கேமரா ஒன்றைக் கொடுத்தார். இரண்டு கண் வைத்தது. மேலே மூடியைத் திறந்து, தலையைக் குனிந்து பார்க்க வேண்டும். நான் குனிவதைப் பார்த்துவிட்டு, "படத்துக்கார ஐயா நம்மளக் கும்புடுறாரு" என்று சிறுசுகள் சிரிக்கும்.

தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிடுவேன். அதன் முன்னால் ஒவ்வொருவராக வருவார்கள். நேராகப் பார்க்க வேண்டும், சிரிக்கக் கூடாது, இரண்டு காதும் தெரிய வேண்டும். இது அரசாங்கக் கந்தோர்க்காரர்களின் சட்டம். காது தெரியாத படம் திரும்பி வந்துவிடும். படம் திரும்பி வந்தால் விண்ணப்பமும் திரும்பி வரும், அதற்குள் தவணை போய்விடும். ஆகவே பெண்கள் தலைமுடியை எண்ணெய் வைத்து இழுத்துக் காதுக்குப் பின்னால் சொருகிக்கொண்டு வருவார்கள். காதுகள் பிடுங்கி வைத்ததுபோல் நிற்கும்.

பழக்கம் எங்கே கொண்டு போய் விட்டது தெரியுமா? நான் விரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டுச் சும்மா கேமராவோடு நடந்து வந்தாலும் போதும். ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருக்கிறவர் கத்தியை இடுப்பில் சொருகுவார். விறகு சுமக்கிறவர் விறகை இறக்குவார். நடந்து வருகிறவர்கள் பாதையை விட்டு இறங்கி ஓரமாக வரிசையில் நிற்பார்கள். கை தானாகப் போய் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கும். பிறகு சிலை. கேமரா என்றால் அது எதையோ நிரூபிக்கிற சாமான் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். முதலில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. நாள் போகப் போக மனதைப் பிசைந்தது.

அவர்கள் வாழ்வதை எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. நிற்பதை எத்தனை எடுப்பது? ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர்கள் வரிசையாக நிற்கும்போது ஒன்று எடுப்பேன். "சரிங்க, முடிஞ்சுது" என்பேன். அவர்கள் மூச்சு விட்டு, சாமானைத் தூக்கிக்கொண்டு, நான் ஒருவன் அங்கே இருப்பதையே மறந்து நடப்பார்கள். அப்போது சத்தமில்லாமல் இன்னொன்று எடுப்பேன். முதல் படம் அவர்களுடையது, இரண்டாம் படம் என்னுடையது. பிலிம் கிடைக்காமல் கடைகடையாய் அலைந்த காலத்திலும் இந்த இரண்டாம் படத்தை நான் விடவில்லை. "முதுகையும் மரத்தையும் எடுத்து யாருக்குக் காட்டப் போறீங்க?" என்று மனைவி கேட்பாள். யாருக்கும் காட்டவில்லை. கழுவி, நறுக்காமல், ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியில் போட்டு வைத்தேன்.

இனி வழக்கு.

தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே ஒரு லயத்து ஆட்களுக்குக் குடிதண்ணீர் ஒரு பீலியிலிருந்து வரும். மலையூற்றை மூங்கிலில் ஏந்தி விழவிட்டிருப்பார்கள், அதுதான் பீலி. பீலிக்கும் லயத்துக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம். அது தோட்டத்துடையது அல்ல, பழைய ரப்பர் நின்ற தனியார் காணி. எண்பதுகளின் தொடக்கத்தில் டவுனிலிருந்து வந்த ஒரு முதலாளி அதை வாங்கினார். மரங்களைத் தறித்தார், மிளகு போட்டார், சுற்றிவர முள்ளுக்கம்பி அடித்தார். பாதை கம்பிக்குள் போய்விட்டது. பீலி இல்லையென்றால் மீதி இருப்பது ரப்பர் பாக்டரிக்குக் கீழே ஓடும் ஓடை. பாக்டரிக் கழிவு கலந்த தண்ணீர். அதன் நாற்றத்தை அறிந்தவர்கள் அதில் கால்கூட நனைக்க மாட்டார்கள்.

முத்துலெட்சுமி என்று ஒரு பெண். பால் வெட்டுக்காரி, முப்பது முப்பத்தைந்து வயது, வாய் கொஞ்சம் நீளம். மூன்று நாள் ஓடைத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்ததும், நாலாம் நாள் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ப் பட்டப்பகலில் கம்பியை வெட்டிவிட்டாள். முதலாளி பொலிசுக்குப் போனார். அமைதி கெடும் என்று பொலிஸ் நீதவானிடம் போயிற்று. ஒரு பக்கம் முதலாளி, மறு பக்கம் லயத்து ஆட்களின் சார்பில் முத்துலெட்சுமி. தோட்டத்தை நடத்தும் துரை அவளைக் கூப்பிட்டு, "வழக்கில் தோற்றால் அடுத்தவன் வேலியை வெட்டியவளுக்கு என் தோட்டத்தில் வேலையும் இல்லை, லயத்தில் குடியிருக்கக் காம்பராவும் இல்லை" என்று சொல்லிவிட்டார். பீலியோடு அவள் வீடும் போகும் என்பதுதான் நிலை.

பேரம்பலம் ஐயாவின் அலுவலகத்துக்கு வந்தாள். கதிரையில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"ஐயா, நாங்க என்ன நேத்து மொளச்சவங்களா? எங்க மாமியா அந்தத் தடத்துலதான் தண்ணி மொண்டாங்க. நானும் வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து அதுலதான் போறேன். பொலிஸ் ராலாமி வந்து, பாதைக்கு என்ன அத்தாட்சின்னு கேக்குறாரு. நடக்குற பாதைக்கு யாருங்க அத்தாட்சி எழுதி வப்பா?"

"நீதவான் கோட்டிலையும் அதைத்தான் பிள்ளை கேப்பினம்" என்றார் ஐயா.

தீர்ப்புகளைத் தேடினேன். கிடைத்தது நல்ல செய்தி அல்ல. பாதை என்றால் ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் முடியும் குறித்த தடமாக இருக்க வேண்டும். கால் போன போக்கில் அடுத்தவர் காணிக்குள் நடந்ததெல்லாம் பாதையாகாது. முதலாளி தரப்பும் அதையே பிடித்துக்கொண்டது. அங்கே பாதையே இருந்ததில்லை, வேலி போட்ட பிறகு வஞ்சத்துக்கு ஒன்றை மிதித்து உண்டாக்கினார்கள் என்று சத்தியக் கடதாசி கொடுத்தார்கள். மரமெல்லாம் தறித்து மண்ணைக் கொத்திவிட்ட இடத்தில் பழைய தடத்தை எங்கே போய்க் காட்டுவது?

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. அந்த லயத்தில் நான் எத்தனையோ ஞாயிறுகள் படம் எடுத்திருக்கிறேன். அன்றே வீட்டுக்கு ஓடிப் போய், அச்சிட்டு வைத்திருந்த படங்களைக் கட்டாகக் கொண்டு வந்து ஐயாவின் மேசையில் பரப்பினேன். ஐயா இரண்டு கண்ணாடியையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். குரல் தாழ்ந்தது.

"தம்பி, இதிலை எல்லாருக்கும் காது கிடக்குது. பாதை எங்கை கிடக்குது?"

எல்லாரும் பாதையை விட்டு இறங்கி, குடங்களைக் காலடியில் வைத்துவிட்டு, வேறெங்கோ வரிசையாக நின்றார்கள். பின்னால் வெறும் ரப்பர் மரங்கள். அந்த மரம் இலங்கையில் எங்கேயும் நிற்கும். எனக்கு அழுகை வரும்போல் ஆயிற்று.

"சுருளைக் கொண்டு வந்தனீரோ?"

"அதுல ஒண்ணும் இல்லைங்க சேர். மத்ததெல்லாம் எனக்காக எடுத்தது. முதுகும் மரமும்."

"சுருக்கம் எழுதினவர் மாதிரிக் கதையாதையும். கொண்டு வாரும்."

பிஸ்கட் பெட்டி வந்தது. ஐயா ஒவ்வொரு சுருளாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, வாசிக்கிற மாதிரியே இடமிருந்து வலமாகப் போனார். ஒரு சுருளில் நின்றார். திரும்ப ஒரு கட்டம் பின்னுக்குப் போனார். பிறகு முன்னுக்கு வந்தார். வெளியே பஸ் ஸ்டாண்டில் கொழும்பு, கொழும்பு என்று கூவுவது கேட்டுக்கொண்டிருந்தது.

"உதென்ன?"

ஏழாம் படத்தில் ஐந்து பெண்கள் வரிசையாக நின்றார்கள். மூன்றாவது முத்துலெட்சுமி, பத்து ஆண்டு இளையவளாக, இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு. எட்டாம் படத்தில் அதே ஐந்து பேர், அதே சேலைகள், அதே குடங்கள், முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போனார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு தடம், தேய்ந்து வெளுத்து, மரங்களுக்கு நடுவில் இறங்கி, பிளந்த பாறை ஒன்றைச் சுற்றிக் கீழே போயிற்று. அடியில் பீலியின் மூங்கில். அந்தப் பாறை முதலாளியின் காணிக்குள், அவருடைய நில அளவைப் படத்திலேயே குறித்திருந்தது. ஐந்து முதுகுகளுக்கு நடுவில் ஒரே ஒரு முகம். அம்மாவின் தோளுக்கு மேலால் அந்தக் குழந்தை மட்டும் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முகம் இருக்கும் படத்தில் பாதை இல்லை. பாதை இருக்கும் படத்தில் முகம் இல்லை. நறுக்கியிருந்தால் இரண்டும் இரண்டு அநாதைகள். சுருள் நறுக்காமல் இருந்ததால் அடுத்தடுத்து நின்றன. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஐயாவின் கையைப் பிடித்துக் குலுக்கலாமா என்று நினைத்தேன். அவர் எழுந்து கதவைக் காட்டினார்.

"இனி நீர் இந்த வழக்கிலை சாட்சி. என்ரை அறையுக்கை வரப்படாது. இதைப் பற்றி என்னோடை கதைக்கவும் படாது."

"தீர்ப்பெல்லாம் யாரு தேடுறது சேர்?"

"எனக்கும் வாசிக்கத் தெரியும்."

அதற்குப் பிறகு வழக்கு முடியும் வரை நான் பட்ட பாடு! மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான். அறுபது தாண்டிய மனிதர் ஏணியில் ஏறித் தொகுதிகளை இழுப்பார். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாது. நான் பல ஆண்டுகளாக ஒழுங்குபடுத்திய அலுமாரி என் கண் முன்னால் தலைகீழாகிக்கொண்டிருந்தது. வாய் திறந்தால், "மழை வரும் போலை கிடக்குது" என்று பேச்சை மாற்றிவிடுவார். அலுவலகப் பியூனிடம்கூட வழக்கைப் பற்றிப் பேச மாட்டார், அவன் என்னிடம் சொல்லிவிடுவான் என்று.

வழக்கு நாளன்று காலை முழுவதும் நான் நீதிமன்றத்துக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் சொல்வது என் காதில் விழக் கூடாது. படங்களைப் பற்றி என்னை நேரில் கேட்க வேண்டும் என்று நீதவான் சொல்லிவிட்டதாக ஒருவர் வந்து கூப்பிட்டார். கூண்டில் ஏறினேன். முதலாளியின் சட்டத்தரணி மூத்தவர், மிகவும் மரியாதையானவர். எல்லாம் சிங்களத்தில் நடந்தது.

"நீங்கள் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் காரியாலயத்தில் வேலை செய்பவர்தானே?"

"ஆம்."

"அவருக்கு வேண்டிய மாதிரிப் படம் எடுத்துக் கொடுப்பவர்?"

"இந்தப் படத்தை எடுத்தபோது அவருக்கு அந்தத் தோட்டம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது."

"இந்த ஏழாம் படத்தில் பாதை இருக்கிறதா?"

"இல்லை."

"எட்டாம் படத்தில் முகம் இருக்கிறதா?"

"ஒன்று இருக்கிறது."

"யாருடையது?"

"கைக்குழந்தையுடையது."

மன்றத்தில் சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார். பிறகு பிடியை இறுக்கினார். "தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் நடந்து போவார்கள். உங்கள் ஏழாம் படத்தில் இவர்கள் சிப்பாய்களைப் போல் நிற்கிறார்கள். படம் எடுப்பதற்காக நீங்கள் ஆட்களைச் சேர்த்து நிற்க வைத்தீர்கள். பிறகு அங்கே போ என்று நடக்க வைத்தீர்கள். எல்லாம் நாடகம். இல்லையா?"

"நான் ஒருவரையும் நிற்கச் சொல்லவில்லை. அவர்களாக நின்றார்கள்."

"ஏன்?"

உள்ளதைச் சொன்னேன். "இவர்களுக்குப் படம் என்றால் விண்ணப்பத்தில் ஒட்டுவது. காது தெரியாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் கேமராவைக் கண்டால் பாதையை விட்டு இறங்கி, காதைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். சொல்லித் தர வேண்டியதில்லை. முடிந்தது என்றதும் தங்கள் வழியில் நடப்பார்கள், அப்போது அவர்களுக்குத் தெரியாமல் இரண்டாவதை எடுத்தேன்."

"அழகான கதை" என்றார் அவர், நீதவானைப் பார்த்து.

நீதவான் சுருளை வாங்கி, பூதக்கண்ணாடி கேட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நெடுநேரம் பார்த்தார். விளிம்பில் இருந்த இலக்கங்களை வாய்க்குள் படித்தார். பிறகு, "இந்தக் குழந்தை இப்போது உயிரோடு இருக்கிறதா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பின் வரிசையிலிருந்து முத்துலெட்சுமியின் குரல் வந்தது. "இந்தா இருக்குதுங்க மாத்தயா!" காவலர் அதட்டியும் அவள் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த சிறுமியை முன்னால் தள்ளிவிட்டாள். சரசு. பத்து வயதிருக்கும். பள்ளிக்கூடத்து வெள்ளைக் கவுன், அவிழ்ந்த ரிப்பன், பஸ்ஸில் வந்த காற்றில் முடியெல்லாம் முகத்தில் விழுந்து கிடந்தது. அவளுடைய பிறப்புச் சான்றிதழ் ஏற்கெனவே ஐயாவின் ஆவணக் கட்டுக்குள் இருந்தது. படம் எடுத்து எத்தனை ஆண்டு என்று அதைப் பார்த்தாலே போதும்.

நீதவான் பூதக்கண்ணாடியைக் கையில் பிடித்தபடியே அவளைக் கூர்ந்து பார்த்தார்.

அவ்வளவு பெரிய மனிதர், கையில் ஒரு கண்ணாடியோடு, தன்னை உற்றுப் பார்க்கிறார். சரசு நிமிர்ந்து நின்றாள். சிரிப்பை அடக்கினாள். இரண்டு கையாலும் முடியை ஒதுக்கி, காதுகளுக்குப் பின்னால் சொருகிக்கொண்டு, நேராகப் பார்த்தாள்.

முதலாளியின் சட்டத்தரணி என்னைப் பார்த்தார், பிறகு சிறுமியைப் பார்த்தார். "வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதரின் நேர்மையை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். நீதவான் கண்ணாடியைக் கீழே வைத்து, சிறுமியிடம் மெதுவாக, "சரி மகள், போய் உட்கார்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பிள்ளை பேசக் கற்பதற்கு முன்னாலேயே நிற்கக் கற்றிருக்கிறது என்று தோன்றியது. கலங்கிய கண்ணோடு கூண்டிலிருந்து இறங்கும்போது படி தடுக்கி விழப் பார்த்தேன்.

கட்டளை எங்கள் பக்கம் வந்தது. வேலி போடுவதற்கு முன் ஆட்கள் நடந்த தடம் அதுவே, பாறையைச் சுற்றிப் பீலி வரைக்கும் இரண்டு பேர் எதிரெதிரே போகும் அகலத்துக்குத் திறந்துவிட வேண்டும் என்று. கம்பி வெட்டிய முறைப்பாட்டை முதலாளியே வாபஸ் வாங்கிக்கொண்டார். துரைக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை. முத்துலெட்சுமி அதே காம்பராவில் இருந்தாள்.

பேரம்பலம் ஐயா அன்று மாலை அலுவலகத்துக்குத் திரும்பியதும் குடையை மாட்டிவிட்டு, அறைக் கதவைத் திறந்து வைத்தார். "இனி வரலாம். அலுமாரியை ஒருக்கால் பாரும். ஆரோ குழப்பி வைச்சிருக்கிறாங்கள்" என்றார். அவரிடமிருந்து இதற்கு மேல் பாராட்டு வராது. அடுத்த இரண்டு நாளும் தொகுதிகளை அடுக்கினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெந்த வேலையும் செய்ததில்லை.

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு நான் இரத்தினபுரியில் இல்லை. அதை எழுத வேறொரு நாள் வேண்டும், வேறொரு மனமும் வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த பிஸ்கட் பெட்டியைப் பியதாச மாத்தயா தன் அக்காவின் வீட்டில் அரிசிச் சாக்குக்கு அடியில் வைத்துக் காப்பாற்றி, பிறகு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கொழும்புக்குக் கொண்டு வந்து தந்தார். ஒரு சுருள்கூடச் சேதமாகவில்லை.

அந்த இளம் சட்டத்தரணிக்கு இதுவே என் பதில். நம்பியது என் படத்தை அல்ல. முன்னால் எடுத்ததையும் பின்னால் எடுத்ததையும் மறைக்காமல் கொடுத்ததைத்தான் நம்பினார்கள். உங்கள் கைத்தொலைபேசியிலும் அதைச் செய்யலாம், தம்பி. அழிக்காமல் இருந்தால் போதும்.

கடைசியாக ஒரு படம். அது என் முன்னறைச் சுவரில் தொங்குகிறது. கட்டளை வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை முத்துலெட்சுமி ஆள் அனுப்பியிருந்தாள், கேமராவோடு வரச் சொல்லி. போனேன். லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் குடங்களோடு காத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் வழக்கம்போல் பாதையை விட்டு இறங்கி, முடியை ஒதுக்கி, வரிசையாக நின்றார்கள்.

"மொதல்ல எங்க படத்த எடுத்துருங்கய்யா" என்றாள் முத்துலெட்சுமி. "அப்பறமா நாங்க போவோம். நீங்க ஒங்க படத்த எடுத்துக்கங்க. கோட்டுல எல்லாம் கேட்டோம்ல."

என் இரகசியம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இனி எனக்கு இரண்டாம் படம் கிடையாது என்று ஒரு பக்கம் வருத்தமாகக்கூட இருந்தது. முதல் படத்தை எடுத்தேன். "முடிஞ்சுது" என்றேன். அவர்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு தடத்தில் இறங்கினார்கள். நான் குனிந்து பெட்டிக்குள் பார்த்தேன். பாறை வரைக்கும் முதுகுகளாகவே போயிற்று. பாறைக்குப் பக்கத்தில் போனதும், நடந்துகொண்டே, ஒருவர் விடாமல் எல்லாரும் திரும்பினார்கள். காலடியில் பாதை, தலைக்கு மேல் குடம், முகம் முழுக்கச் சிரிப்பு. ஒரு கை குடத்தைப் பிடித்திருக்க, மறு கை முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியது.

"ரெண்டு காதும் தெரியுதுங்களா?" என்று கீழிருந்து கத்தினாள் முத்துலெட்சுமி.

"பாதையும் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினேன்.